பதினைந்தாம் பெட்டி

என்னை எல்லாரும் பெட்டியம்மா என்பார்கள். பெயர் வைத்தவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும். நிலத்தைத் துளைத்து எடுக்கிற கல்லைக் கழுவி, பெட்டியில் அடுக்கி, எண் போட்டு, படம் பிடித்து, தகரக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருப்பது என் வேலை. கொட்டகையில் இப்போது நாலாயிரத்துச் சொச்சம் பெட்டிகள் இருக்கின்றன. எந்தப் பெட்டி எங்கே என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் அது யோசிக்கும், என்னைக் கேட்டால் கையை நீட்டிவிடுவேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை.

துளைபோடும் வண்டியை ஓட்டுவது என் தம்பி. கூடப் பிறந்தவன். அக்காவும் தம்பியும் ஒரே ஆபீசில் இருப்பது சிலருக்குக் கண்ணை உறுத்தியது உண்டு. உறுத்தட்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவன் துளைத்த துளை ஒன்றுகூடக் கோணலானதில்லை.

அவன் வேலை இப்படி. வைர முனை வைத்த குழாய் சுற்றிக்கொண்டே நிலத்துக்குள் இறங்கும். உள்ளே கல் ஒரு நீள உருளையாகக் குழாய்க்குள் ஏறி நிற்கும். மூன்று மீட்டர் இறங்கியதும் குழாயை மேலே இழுத்து, கல்லை வெளியே எடுத்து, ஒரு மீட்டர் வீதம் மூன்று வரிசையாகப் பெட்டியில் வைப்பான். இடது பக்கம் மேல்முனை, வலது பக்கம் கீழ்முனை, நாம் புத்தகம் படிக்கிற மாதிரி. வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஓர் அம்பு போடுவான். அம்பின் கூர் கீழ்ப்பக்கத்தைக் காட்டும். கல்லைப் பார்த்தால் எது தலை எது கால் என்று யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் அம்பு.

ஊருக்கு வெளியே வட்டமாக ஒரு குளம் இருக்கிறது. ஆறு கிடையாது, ஓடை கிடையாது, ஆனால் தண்ணீர் வற்றியதில்லை. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம். வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்த பள்ளம் என்று பாதி ஊர் சொல்லும். யாரோ கல் வெட்டி எடுத்த பள்ளம் என்று மீதி ஊர் சொல்லும். அந்தத் தண்ணீரை ஊருக்குக் குழாய் போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்டு எங்கள் ஆபீசுக்குக் கடிதம் வந்தது. பள்ளம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் என்றார்கள். தம்பி போனான், கரையில் அறுபது மீட்டர் துளைத்தான், இருபது பெட்டி கொண்டுவந்தான். நான் கழுவினேன், படம் பிடித்தேன், அனுப்பினேன்.

வினையே அதற்கப்புறம்தான்.

எங்கள் மேலதிகாரிக்கு முத்திரை என்று பெயர். நாங்கள் வைத்த பெயர்தான். மேஜைமேல் எதை வைத்தாலும் முத்திரை குத்திவிடுவார். ஒருநாள் கல்யாணப் பத்திரிகைக்கும் குத்தி, ‘பார்வையிடப்பட்டது’ என்று கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கொட்டகைப் பக்கம் அவர் கால் வைத்து நாலு வருடம் ஆகியிருந்தது. கல்லைப் படத்தில் பார்ப்பதே அவருக்குப் போதும். அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

“இங்க பாரும்மா. பதினாலாம் பெட்டி எப்படி முடியுது?”

“மெலிசு மெலிசா வரி வரியா சாம்பல் நிறம்.”

“பதினஞ்சு எப்படி ஆரம்பிக்குது?”

“கல்லும் முள்ளுமா.”

“பதினஞ்சு முடியறப்ப மறுபடி மெலிசு. பதினாறு மறுபடி கல்லும் முள்ளும். முன்னாலயும் ஒட்டல, பின்னாலயும் ஒட்டல. இந்த மூணு மீட்டர் எங்கேருந்து வந்துச்சு?”

“குளத்துலேருந்துதான் சார் வந்துச்சு.”

“அம்பு எங்க? மத்த பத்தொம்பது பெட்டியிலயும் ஒன் தம்பி போட்ட அம்பு இருக்கு. இதுல ஒண்ணுகூட இல்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எடுக்கறப்ப மூணு மீட்டரைத் தொலைச்சிட்டு, வேற துளையிலேருந்து எடுத்துப் போட்டு ஒப்பேத்தியிருக்கான். எனக்கு வேற எதுவும் தோணல.”

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். இரண்டு காதும் எரிந்தது. “அவன் அப்படிச் செய்யற ஆள் இல்ல சார்,” என்றேன்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

பள்ளங்களைப் பற்றியே படித்த ஒரு நிபுணரை வெளியூரிலிருந்து வரவழைத்திருப்பதாகவும், அவர் பார்த்து எழுதிக் கொடுப்பதை வைத்து முடிவெடுப்பதாகவும் சொன்னார். பொய்க் கல் என்று அவர் எழுதினால் தம்பிக்கு வேலை போகும். வேலை மட்டுமா, கல்லை மாற்றிவைத்தவன் என்ற பெயரோடு எந்த ஊரில் எவன் வண்டியைக் கொடுப்பான்? அதுவரை வண்டிச் சாவியை வாங்கி அலமாரியில் பூட்டிவைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தம்பியைக் கேட்டேன். “ஏன்டா, பதினஞ்சுல அம்பு போடலியா?”

“போட்டேன்னுதான்க்கா நெனக்கிறேன்.”

“நெனக்கிறேன்னா? போட்டியா இல்லியா?”

“போட்டிருப்பேன்க்கா.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போட்டேன் என்று அடித்துச் சொன்னால் நான் போய் முத்திரையின் மேஜையைத் தட்டியிருப்பேன். போட்டிருப்பேனாம்! வாயில் கொழுக்கட்டையா என்று திட்டிவிட்டு வந்தேன்.  அவன் அடுத்த மூன்று வாரமும் ஆபீசுக்கு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் எழுந்து போனான்.

நிபுணர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். வயது என்னைவிட ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். முழங்கால் தேய்ந்த கால்சட்டை, தோளில் பை, கழுத்தில் கயிறு கட்டிய சின்னப் பூதக்கண்ணாடி. உலகத்தில் எங்கெங்கோ உள்ள குழிகளைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர் என்றார்கள். மனசுக்குள் குழியம்மா என்று பெயர் வைத்தேன். சொந்தமாக ஒரு பட்டப்பெயரைச் சுமக்கிறவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

இருபது பெட்டியையும் நீள மேஜைகளில் வரிசையாகப் பரப்பிவைத்திருந்தேன். மனதுக்குள் அவரை எதிரியாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் அந்த அம்மாள் முதல் பெட்டியைப் பார்த்ததும், “ஐயோ, என்ன சுத்தம்! யாரு கழுவினது?” என்று கேட்டுவிட்டார். அப்புறம் எங்கே எதிரி?

“நான்தான் மேடம். மேடம், ஒண்ணு கேக்கலாமா? இந்த வட்டக் குளம் நெஜமா எப்படி வந்துச்சு?”

“எண்ணெய் காயற சட்டியில தண்ணி தெளிச்சா என்ன ஆகும்?”

“மூஞ்சில தெறிக்கும்.”

“அதேதான். பூமிக்கு அடியிலேருந்து உருகின கல் குழம்பு மேல வருது. வர்ற வழியில ஊத்துத் தண்ணி இருக்கு. ரெண்டும் சந்திச்சா தண்ணி ஒரே நொடியில ஆவியாகி எல்லாத்தையும் தூக்கி அடிக்கும். தரை வெடிச்சு அந்த எடத்துல குழி விழும். அப்புறம் ஊத்துத் தண்ணி குழியில நெறஞ்சிடும். அதுக்கு மார்னு பேரு. ஜெர்மனியில ஒரு மலைப்பக்கத்து ஜனங்க அவங்க ஊர் வட்டக் குளங்கள அப்படித்தான் கூப்பிட்டாங்க. அதுவே எல்லா எடத்துக்கும் பேராயிடுச்சு.”

குளத்திலிருந்து பெட்டிகளை ஏற்றிவந்த லாரி டிரைவர் பின்னால் நின்றான், அந்தப் பெயரைக் கேட்டு இருமினான். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். இருமல் நின்றது.

“அப்ப இது எரிமலையா மேடம்? மலையே காணோமே?”

“அதான் வேடிக்கை. மலையே இல்லாத எரிமலை.” அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. போனை எடுத்துப் படம் காட்ட ஆரம்பித்தார். பச்சைக் காட்டுக்கு நடுவில் கண்ணாடித் தட்டு மாதிரி ஒரு குளம். பாலைவனத்தில் ஒரு பெரும் பள்ளம், அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு.

“இது சவூதியில இருக்கு. இங்க மாதிரியே அங்கயும் வானத்துலேருந்து ஏதோ விழுந்துதான் இந்தப் பள்ளம்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. இது அலாஸ்கா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழுல இந்த எடம் சாதாரணத் தரை. பத்தே நாள்ல ரெண்டு குழி விழுந்துடுச்சு.”

“பத்து நாளா!” எங்கள் தெருவில் சாக்கடைக்கு வெட்டிய குழியை மூடப் பத்து மாதம் ஆனது. “மேடம், இது மலை மாதிரில்ல இருக்கு?” கடலோரத்தில், உயர உயரமான கட்டிடங்களுக்குப் பக்கத்தில், ஓரம் உயர்ந்து நடுவில் கிண்ணம்போல் குழிந்த ஒரு குன்று.

“அது ஹவாய். வெடிச்சப்ப பறந்த சாம்பல் குழியச் சுத்தி உயரமா குமிஞ்சு இறுகிப்போச்சுன்னா இந்த மாதிரி கூம்பு. உங்க குளம் மாதிரி தரையக் குடைஞ்சுகிட்டுக் கீழ போயிட்டா மார். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், தண்ணியும் நெருப்பும்.”

சமையல் செய்துகொண்டே சட்டியில் தண்ணீர் தெளித்து எத்தனை முறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்! அந்த அற்ப விஷயம் ஊரளவு பள்ளம் தோண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. கேட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் குறைவாக இருந்தால் என்ன ஆகும், திரும்ப வெடிக்குமா, குளத்து மீனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். மீன் கேள்விக்கு மட்டும் அவருக்கும் பதில் தெரியவில்லை.

“சரி, நம்ம குளம் அப்படித்தான்னு எப்படி மேடம் தெரியும்?”

அவர் என்னை ஒன்பதாம் பெட்டிக்குக் கூட்டிப்போனார். கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். “இந்தக் கருப்புக் கல்லப் பாருங்க.”

நாவல்பழ அளவுக்கு ஒரு கல், சாம்பல் வரிகளுக்கு நடுவில் பதிந்திருந்தது. கல்லுக்குக் கீழே, அதாவது பெட்டியில் வலது பக்கம், இருந்த வரிகள் மட்டும் தொட்டில்போல் கீழ்நோக்கி வளைந்திருந்தன. கல்லுக்கு மேலே இருந்தவை கொஞ்ச தூரத்தில் நேராகிவிட்டன.

“வெடிக்கிறப்ப இந்தக் கல்லு வானத்துக்குப் போயிருக்கு. திரும்பி வந்து ஈரச் சாம்பல் மேல தொப்புன்னு விழுந்திருக்கு. மெத்தையில கொழந்த குதிச்சா அமுங்குமே, அப்படி. அப்புறம் அது மேல இன்னும் சாம்பல் விழுந்து மூடிடுச்சு. சாம்பல் ஈரமா இருந்தாதான் இப்படி அமுங்கும். தண்ணி இருந்ததுக்கு இது சாட்சி.”

நான் கழுவிய கல். நான் படம் பிடித்த கல். ஒரு குழந்தை குதித்த மெத்தை அதற்குள் இருந்திருக்கிறது, நான் தூசி போயிற்றா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குள் முத்திரை வந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போய், அப்படியே குளத்தையும் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். மிச்சப் பெட்டிகளை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் குழியம்மா கிளம்பினார். பூதக்கண்ணாடி என் கையிலேயே இருந்தது.

நான் சாப்பிடப் போகவில்லை. கண்ணாடியோடு பத்தாம் பெட்டிக்குப் போனேன். இரண்டு தொட்டில் கிடைத்தது. பதினொன்றில் ஒன்று. பன்னிரண்டில் ஒன்றும் இல்லை, ஏமாற்றமாக இருந்தது. பதின்மூன்றில் மூன்று. புதையல் எடுக்கிறவள் மாதிரி போய்க்கொண்டிருந்தேன். பதினைந்தாம் பெட்டி வந்தது.

அதிலும் கல் இருந்தது. ஆனால் வரி கீழே வளையவில்லை. கல்லுக்கு மேலே இருந்த வரிகள் குடைபோல் மேல்நோக்கி வளைந்திருந்தன, கீழே இருந்தவை நேராகப் போயின. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அடுத்த கல்லும் அப்படியே. அந்தப் பெட்டியில் ஐந்து கல், ஐந்துக்கும் குடை.

கல் கீழேயிருந்து மேலே விழுமா? விழாது. அப்படியென்றால்?

நான் மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். இப்போது ஐந்தும் தொட்டில்.

ஐயோ, இது பொய்க் கல் இல்லை! தலைகீழாக வைத்த கல்! எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. பெட்டியின் கடைசித் துண்டை எடுத்துப் பதினாலாம் பெட்டியின் கடைசித் துண்டோடு முனைக்கு முனை வைத்துப் பார்த்தேன். உடைந்த பிஸ்கட்டின் இரண்டு பாதி மாதிரி இம்மி பிசகாமல் பொருந்தியது. பதினைந்தின் முதல் துண்டு பதினாறோடு பொருந்தியது. மூன்று மீட்டரும் நம் குளத்து மூன்று மீட்டர்தான். தம்பி எதையும் தொலைக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. ஓடிப்போய் அவனிடம் சொல்ல ரெண்டு எட்டு வைத்தேன்.

அங்கேயே நின்றேன். தலைகீழாக வைத்தது யார்?

தம்பி அம்பு போடாமல் பெட்டியில் வைக்கமாட்டான். இதில் அம்பு இல்லை. அம்பு எங்கே போனது? துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்ற பெட்டிக் கல்லெல்லாம் கழுவிய பிறகும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். இது பளபளவென்று இருந்தது. பெட்டியின் வரிசைப் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. விரலால் தேய்த்து மோந்து பார்த்தேன். சோப்புத் தூள்.



அன்றைக்கு இந்த ஒரு பெட்டிக் கல்லில் மட்டும் குழாய் கிரீஸ் அப்பிக்கொண்டு வந்திருந்தது. பச்சைத் தண்ணீருக்குப் போகவில்லை. வெந்நீரில் சோப்புத் தூளைக் கரைத்து, பிரஷ் போட்டு, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் தேய்த்தேன். மெழுகு வெந்நீரில் நிற்குமா? அழுக்கோடு அம்பும் போயிருக்கிறது. அதுவும் போகட்டும். என் பக்கத்துத் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கல்லையெல்லாம் மேஜைமேல் பரப்பிவிட்டு, காலிப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு மேஜைக்கு எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் போனேன். அங்கே நின்றபடியே கல்லைத் தேய்த்து, அங்கே நின்றபடியே பெட்டியில் அடுக்கினேன். பெட்டி என்னோடு திரும்பியது. கல் திரும்பவில்லை. என் இடது கை அவனுடைய வலது கையாக இருந்தது.

நாலாயிரம் பெட்டியில் ஒன்றுகூடத் தப்பானதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். மூன்று வாரமாக முத்திரையைத் திட்டினேன், டிரைவரைச் சந்தேகப்பட்டேன், தம்பியை வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டேன். கொட்டகையில் யாரும் இல்லை. ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து என்ன யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல் நம் குளத்துக் கல் என்று அந்த அம்மாள் கண்டுபிடிப்பார். தம்பி தப்பித்துவிடுவான். யார் திருப்பிவைத்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்? கல்லை அது இருந்தபடியே தலைகீழாக அடுக்கிவைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். குழியம்மாவின் செருப்பெல்லாம் குளத்துச் சேறு. பதினைந்தாம் பெட்டிக்கு வந்து இரண்டு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, சிரித்தபடி நிமிர்ந்தார். “சார், இது தலைகீழா இருக்கு.”

“என்னது?”

“பொய்யில்ல, வேற எடத்துக் கல்லும் இல்ல. எல்லாக் கல்லும் மேல் பக்கமா அமுக்கியிருக்கு பாருங்க. பெட்டியத் திருப்பினா முன்னாலயும் பின்னாலயும் ஒட்டிடும். உங்க குளம் மார்தான், சந்தேகமே இல்ல. யாரோ அவசரத்துல மாத்தி அடுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.”

முத்திரையின் முகத்தில் ஈயாடவில்லை. பொய்க் கல் என்று அவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கும் முத்திரை குத்தியிருந்தார் போலிருக்கிறது. தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவன் வந்து பெட்டியைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். நான் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ எதையும் மாத்தலன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றார் முத்திரை. “ஆனா தலைகீழா வெச்சிருக்க. அம்பும் போடல. பெட்டியில வெக்கிறது நீதானே?”

“ஆமா சார்.”

“அப்ப நீதானே தப்பா வெச்சிருக்கணும்?”

“நானாத்தான் இருக்கும் சார்.” தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அம்பு போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். சிவப்புப் பென்சில் முனை ஒடைஞ்சு, பல்லால கடிச்சுச் சீவினதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா கல்லுல அம்பு இல்லியே. அப்ப நடக்காததெல்லாம் நடந்த மாதிரி எனக்கு ஞாபகம் வருது. என் புத்தி இப்ப சரியில்ல சார்.”

எங்கள் அப்பாவுக்கு ஐம்பது வயதில் மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் வீட்டுக்கு வரும் வழியை, கடைசியில் எங்களை. செய்யாததைச் செய்தேன் என்று சாதிப்பதில்தான் அவருக்கு அது தொடங்கியது. தம்பிக்கு அடுத்த மாதம் நாற்பத்தொன்பது முடிகிறது.

“டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கேன் சார்,” என்றான். “வண்டி எனக்கு வேணாம். பக்கத்துல ஆளுங்க நிக்கிறாங்க, ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“சரி சரி, மனச விட்டுடாத. தப்பா வெச்சேன்னு ஒரு வரி எழுதிக் குடு. வேலை போகாது. கொட்டகையிலயே அக்காகூட இருந்துக்க,” என்றார் முத்திரை. நல்ல மனதோடுதான் சொன்னார். பையிலிருந்து பேனாவையும் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் எடுத்து நீட்டினார்.

தம்பி இரண்டையும் வாங்கினான்.

“அவன் இல்ல சார்.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அவன் அம்பு போட்டான். நான்தான் அழிச்சேன். சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சேன். அந்தப் பக்கம் நின்னு அடுக்கினேன். தலைகீழா வெச்சது நான் சார்.”

 குழியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “எந்தப் பக்கம் நின்னீங்க?” என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்கிற ஆசை. “ஒருதரம் செஞ்சு காட்டறீங்களா?”

செய்து காட்டினேன். கல்லை மேஜையில் பரப்பினேன், காலிப் பெட்டியோடு எதிர்ப்பக்கம் போனேன், இடமிருந்து வலமாக அடுக்கினேன்.  அடுக்கி முடித்ததும் அந்த அம்மாள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, “அட!” என்றார்.

“ஒனக்கு எப்பம்மா தெரியும்?” என்றார் முத்திரை.

“மத்தியானம் சார்.”

“மத்தியானத்துலேருந்து பாத்துகிட்டு நின்னியா?”

“ஆமா சார்.”

எனக்கு ஒரு மெமோ வரும் என்றார். வரட்டும் என்று நினைத்தேன். நான் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் கையில் பிடித்தபடி, கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி நின்றான்.

“அப்ப நான் அம்பு போட்டது நெஜமாக்கா?”

“நெஜம்டா. போட்ட. எல்லாத்துலயும் போட்ட.”

“பென்சில் ஒடைஞ்சது?”

“ஒடைஞ்சிருக்கும்டா. ஒனக்கு ஞாபகம் இருந்தா ஒடைஞ்சிருக்கும்.”

“எனக்கு ஒண்ணுமில்லியா?”

“ஒனக்கு ஒண்ணுமில்லடா. தப்பு என்னுது.”

பேனாவை முத்திரையிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் வண்டிச் சக்கரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டான். மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். பாதிக்கு மேல் அழுகை வந்துவிட்டது, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு பேசினான். அந்தப் பக்கத்திலிருந்து அவள் என்னைப் பற்றித்தான் ஏதோ கேட்டிருக்கவேண்டும், கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது.

“இருக்குடி,” என்றான் தம்பி. “கோவம் இருக்கு. பேசவே போறதில்ல அவகூட. அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணுமில்லியாம், அத மொதல்ல கேளு.”